ஐந்து மாத அக்கா

என் தம்பி பொய்ப்பல் செய்கிறவன். டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவன் கடைத்தெரு மாடியில் ஒரு அறையில் உட்கார்ந்து செய்து கொடுப்பான். அப்படியும் எங்கள் தெருவில் அவனுக்குப் பல்லு டாக்டர் என்றுதான் பெயர். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பவர்களிடம் "நான் டாக்டர் இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் "உப்புத் தண்ணியில கொப்புளிச்சிட்டு, நாளைக்கு டாக்டரப் பாருங்க" என்று அனுப்பிவிடுவான். ஆட்களின் முகம் அவனுக்கு ஞாபகம் இருக்காது, வாய்தான் இருக்கும். "யாருடா அது உன்கிட்ட பேசிட்டுப் போனது?" என்று கேட்டால், "மேல் வரிசையில ஒரு பல்லு உள்ள தள்ளி நிக்குமே, அவருக்கா" என்பான். நான் என்ன ஊரில் இருக்கிற எல்லார் வாயையும் பிளந்து பார்த்துக்கொண்டா திரிகிறேன்?

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சிக் காரில் என் பக்கத்திலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து, வீட்டில் யாராவது கோணலாகப் பேசினாலும் என் கால் தானாகத் தரையை அழுத்தும். நானும் அப்பாவும் கீழ் வீடு, தம்பியும் அவன் மனைவியும் மேல் மாடி. அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா இப்போது இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகி, சரிப்படாமல் திரும்பி வந்துவிட்டேன். அதற்கெல்லாம் எந்த நாட்டிலும் பாயிண்ட் கிடையாது என்பதால் விட்டுவிடுவோம்.

பாயிண்ட் என்றேன் இல்லையா, அதுதான் இந்தக் கதை. கடல் தாண்டி ஒரு நாட்டுக்குக் கைவேலை தெரிந்த ஆட்கள் வேண்டுமாம். அங்கே குடியேறத் தம்பி மனு போட்டிருந்தான். கையை மட்டும் தனியாக அனுப்ப வழியில்லையே. அதனால் கையோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஆளுக்கு வயசென்ன, படிப்பென்ன, எத்தனை வருஷ அனுபவம், இங்கிலீஷ் எவ்வளவு, பொண்டாட்டிக்கு என்ன தெரியும் என்று ஒவ்வொன்றுக்கும் பாயிண்ட் போடுவார்கள். சில வாரத்துக்கு ஒரு முறை ஒரு கோடு கிழிப்பார்கள். கோட்டுக்கு மேலே இருப்பவனுக்கு அழைப்பு வரும். கீழே இருப்பவன் அடுத்த கோடு வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்தக் கோடு எங்கே விழும் என்று கிழிக்கிறவனுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தம்பி எவ்வளவு ஏறினாலும் அது அவனைவிட நாலு பாயிண்ட் மேலே போய் உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தது.

ஐந்து வருஷம் இப்படி. இந்த ஐந்து வருஷமும் மேல் மாடியில் ஒரு நல்ல நாற்காலி கிடையாது. மடக்கு நாற்காலி, மடக்குக் கட்டில், மடக்கு மேஜை. கோபம் வந்து கையை ஓங்கி மேஜையில் தட்டினால் மேஜை மடங்கிக்கொள்ளும். கல்யாணத்துக்கு வந்த மிக்ஸி பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

தம்பி மனைவி ஒரு சோபா கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

"போகப்போற நேரத்துல சோபா எதுக்கு?" என்றான்.

"எப்பங்க போகப்போறோம்?"

"அடுத்த கோட்டுல."

"வருஷக்கணக்கா இதையேதான் சொல்றீங்க. முதுகு விட்டுப்போச்சு எனக்கு."

அவள் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனிக்காகப் போனில் புகார் கேட்கிறவள். நாள் முழுக்க யார் யாரோ இங்கிலீஷில் திட்டுவதைக் கேட்டு, இங்கிலீஷிலேயே "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்வாள். அவளுடைய இங்கிலீஷுக்கு வர வேண்டிய பாயிண்ட் எல்லாம் வந்துவிட்டது. இடித்தது இவனுடைய இங்கிலீஷ்தான். அதனால் செவ்வாயும் வெள்ளியும் மேல் மாடியில் தமிழ் பேசக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அந்த இரண்டு நாளும் சண்டையே வராது. அவன் சண்டைக்கு வார்த்தை தேடி எடுப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடும். அவளோ கோபத்தில் வாயைத் திறந்தாலும் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றுதான் வரும். புதனும் சனியும் விடிந்ததும் மொத்தமாகச் சேர்த்து வைத்துக் கத்துவார்கள். அந்தக் காலைகளில் நான் வேண்டுமென்றே சீக்கிரம் வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

வேலை செய்கிற இடத்திலும் பயிற்சிதான். அவன் மேஜையில் பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு இருக்கும். அவற்றைப் பார்த்து இங்கிலீஷில் பேசுவான். "உங்க ஊர்ல மழை எப்படி?" என்று ஒரு தாடையைக் கேட்பான். ஒருநாள் சாப்பாடு கொடுக்கப் போனவள் கதவோரம் நின்று இதைப் பார்த்துவிட்டு, ஐயோ, புள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சே என்று பதறிவிட்டேன்.

"இதுங்க நல்லதுக்கா. திருத்தாது, சிரிக்காது" என்றான்.

முதல் தடவை பேச்சுப் பரீட்சைக்குப் போனான். எதிரே வயதான ஒரு அம்மா. "நீங்கள் போய்ப் பார்த்த அழகான இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார். இவன் இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கிறான். அதற்குள் அந்த அம்மாவின் மேல் பல் செட் தளர்ந்து, அவர் பேசும்போதெல்லாம் டக் டக்கென்று சத்தம். இவனால் பொறுக்க முடியுமா? அழகான இடத்தை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டு, "மேடம், கொஞ்சம் வாயை மூடிக் கடியுங்கள், செட் ஒரு பக்கம் தூக்குகிறது" என்று இங்கிலீஷில் சொல்லியிருக்கிறான். பிழையே இல்லாமல் சொன்னானாம், அதில் அவனுக்குப் பெருமை வேறு. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பேசினான் என்று மார்க்கைக் குறைத்துவிட்டார்கள்.

"உனக்கு எதுக்குடா ஊரான் பல்லு?" என்று கத்தினேன்.

"வலிச்சிருக்கும்க்கா அவங்களுக்கு. ஈறு சிவந்திருந்துச்சு."

இரண்டாம் தடவை வாயையே பார்க்கக் கூடாது என்று முடிவு செய்து, மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறான். தன்னம்பிக்கை இல்லை என்று அதற்கும் குறைத்தார்கள். தலையில் அடித்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் பெரிய இடி ஒன்று வந்தது. நாற்பது வயசு முடிந்தால் வயசுக்கான பாயிண்ட் சரசரவென்று இறங்கிவிடுமாம். அப்புறம் எத்தனை பரீட்சை எழுதினாலும் அவனால் கோட்டை எட்ட முடியாது. கதவு சாத்தின மாதிரிதான். அவனுக்கோ காகிதத்தில் நாற்பது வர இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

காகிதத்தில் என்று ஏன் சொல்கிறேன்? நிஜத்தில் அவனுக்கு அதைவிடப் பதினோரு மாசம் குறைவு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயசு போதாது என்று ஹெட்மாஸ்டரும் அப்பாவும் சேர்ந்து ஒரு தேதியை எழுதிவிட்டார்கள். அந்தக் காலத்தில் பிறந்த சர்டிபிகேட் எவன் கேட்டான்? வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும், தொட்டால் பள்ளிக்கூட வயசு. என் தம்பிக்குக் குரங்குக் கை. தொட்டுவிட்டான். அந்தத் தேதிதான் பிறகு பாஸ்போர்ட் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. வீட்டில் கேக் வெட்டுவது ஒரு தேதி, வெளியில் காட்டுவது ஒரு தேதி. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். இவன் அழுமூஞ்சி, நான்தான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டேன். இதை நான் எல்லாரிடமும் சொல்வேன்.

"ஏம்ப்பா அப்படி அவசரப்பட்டு சேத்தீங்க?" என்று தம்பி அப்பாவைக் கேட்டான்.

"நீ வீட்ல இருந்தா ஒரே தொல்லை" என்றார் அப்பா.

மறுநாள் கேட்டால், "உன் கை நீளமா இருந்துச்சு, வீணாக்க வேணாம்னு" என்றார். அதற்கு மறுநாள், "எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு" என்றார். அப்பா தப்பு செய்தேன் என்று ஒருநாளும் சொன்னவர் இல்லை. பஸ்ஸைக் கொண்டுபோய் கம்பத்தில் இடித்தபோதுகூட, கம்பம் இடம் மாறி நின்றது என்றுதான் எழுதிக் கொடுத்தார்.

சரி, நிஜத் தேதிக்கு அத்தாட்சி தேடுவோம் என்று அவன் பிறந்த ஆஸ்பத்திரிக்கு நானும் அவனும் போனோம். ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் மூன்று மாடிக்கு ஒரு பர்னிச்சர் கடை நின்றது. உள்ளே வரிசையாகக் கட்டில்.

"என்ன சார் பாக்கறீங்க?" என்று விற்பனைக்காரர் ஓடி வந்தார்.

"நான் இங்கதான் பொறந்தேன்" என்றான் தம்பி.

"ரொம்ப சந்தோஷம் சார். தொட்டில் ரெண்டாவது மாடி" என்றார் அவர்.

அடுத்து, அவனுக்கு வேலை கொடுக்கும் பல் டாக்டரிடம் போனான். பல்லைப் பார்த்து வயசு சொல்ல முடியுமாமே, எனக்குப் பதினோரு மாசம் குறைத்து ஒரு சர்டிபிகேட் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான். அவர் விளக்கைப் போட்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாத்தா நாப்பத்தெட்டு சொல்லலாம். எழுதித் தரட்டுமா?" என்றாராம். ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவன் தன் பல்லைக் கவனிக்கவே இல்லை. வந்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தவன் அன்று முழுக்க வாயையே திறக்கவில்லை.

மூன்றாவது பரீட்சைக்கு நம்பிக்கையே இல்லாமல்தான் போனான். இந்தத் தடவை எதிரே இருந்தவருக்குப் பல் எல்லாம் சொந்தப் பல்லாம். "பள்ளிக்கூடத்தில் உங்கள் முதல் நாளைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார். இவன் யோசிக்காமல், "ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் இருக்கு. என் அக்கா என் சட்டையைப் பிடிச்சிக்கிட்டா. சாயங்காலம் வரைக்கும் விடவே இல்ல" என்று ஆரம்பித்து, கடைசி வரைக்கும் தங்குதடையில்லாமல் பேசியிருக்கிறான். மார்க் அள்ளிவிட்டது. அடுத்த கோடு விழுந்தபோது, காகிதத்து நாற்பதுக்குச் சில நாள் முன்னால், என் தம்பி கோட்டுக்கு மேலே இருந்தான்.

அழைப்பு வந்த அன்று அவன் மனைவி படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் மேலே போய் அந்த மடக்கு மேஜையை ஓங்கித் தட்டினேன், மடங்கியது, எல்லாரும் சிரித்தோம். அழைப்பு வந்த நாளில் உள்ள வயசுதான் கணக்காம். இனிமேல் நாற்பது வந்தால் என்ன, ஐம்பது வந்தால் என்ன.

அப்படித்தான் நினைத்தோம். பிறகு குடும்ப விவரம் எழுதச் சொன்னார்கள். உடன்பிறந்தோர் இருந்தால் அவர்களுடைய பிறந்த தேதி. என் தேதி நிஜமான தேதி. அவனுடையது பள்ளிக்கூடத் தேதி. இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால், எனக்கும் அவனுக்கும் ஐந்து மாசம்தான் வித்தியாசம். எங்கள் அம்மா ஒரு பிள்ளையைப் பெற்று ஐந்தே மாசத்தில் இன்னொன்றைப் பெற்றிருக்கிறாள். அந்த ஹெட்மாஸ்டர் பேனாவை எடுக்கும்போது மேல் வரியில் என் தேதியை ஒருதரம் பார்த்திருக்கக் கூடாதா?

தம்பிக்கு ஒரு ஏஜென்ட் இருந்தார். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பார், அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயரே பாத்துக்கலாம். ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவர் ஆபீஸ். சுவர் முழுக்க விமானப் படம். அவரே விமானத்தில் ஏறியதில்லை என்று எனக்குச் சந்தேகம்.

"இத இப்படியே அனுப்பினா கேள்வி வரும் மேடம்" என்றார் என்னிடம். "தேதி தப்புன்னு உண்மைய எழுதலாம். ஆனா பாஸ்போர்ட்ல இருக்கறது பொய்யான்னு திருப்பிக் கேட்பாங்க. பொய்த் தகவல்னு தோணிச்சுன்னா நிராகரிச்சிடுவாங்க. அப்புறம் அஞ்சு வருஷம் அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க முடியாது. அதுக்குள்ள சாருக்கு வயசு போயிடும்."

"வேற வழி?" என்றான் தம்பி.

"ரொம்ப சிம்பிள். மேடத்தைத் தத்துப் பிள்ளைன்னு எழுதிடலாம். தத்துப் பிள்ளைக்கு அஞ்சு மாசம் இருந்தா என்ன, அஞ்சு நாள் இருந்தா என்ன? மேடம் ஒரு கையெழுத்து போட்டா போதும். மத்தத பாத்துக்கலாம்."

என் கால் தரையை அழுத்திய அழுத்தில் செருப்பு வார் அறுந்தது.

"யாருய்யா தத்துப் பிள்ளை? இவனுக்குப் பதினாறு மாசம் மூத்தவ நான்! முதல்ல இந்த வீட்டுக்கு வந்தது நான்! வேணும்னா இவனத் தத்துன்னு எழுது, குப்பைத்தொட்டியில எடுத்தோம்னு எழுது!"

"அப்ப சாரோட அம்மா அப்பா விவரம் எல்லாம் மாறும் மேடம்" என்றார் அவர் அமைதியாக. "நீங்கதான் ஈசி."

நீங்கதான் ஈசி என்றான் பாருங்கள், அந்த வார்த்தை உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். செருப்பால் அவனை ஒன்றும் செய்யவில்லை, அதுவே அவன் அதிர்ஷ்டம்.

தம்பி பின்னாலேயே ஓடி வந்தான். "விடுக்கா. போகலன்னா செத்தா போயிடுவேன்? இங்க இல்லாத பல்லா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் காரில் ஏறி, தினமும் போடுகிற சீட் பெல்ட்டை அவனால் ஒழுங்காகச் சொருக முடியவில்லை. மூன்று தடவை தவறிப்போனது. நான்தான் வாங்கிச் சொருகினேன்.

அப்பாவுக்கு இந்தத் தத்து விஷயத்தைச் சொல்லவில்லை. ஐந்து மாச இடைவெளியை மட்டும் சொன்னோம். அவர் ஒரு வாய் டீ குடித்துவிட்டு, "பாப்பா, நீ ஒரு வயசக் கூட்டிக்க. என்ன குறைஞ்சுடப் போகுது?" என்றார் என்னிடம். ஒரு பொம்பளையிடம் சொல்கிற யோசனையா இது? என் லைசென்ஸ், பாஸ்போர்ட், எல்லாவற்றிலும் நிஜத் தேதிதான். இந்த வீட்டில் வயசு விஷயத்தில் யோக்கியமாக இருந்தது நான் ஒருத்திதான், அதனால்தான் இந்தச் சிக்கலே.

இரண்டு நாள் பயிற்சிக்கு வந்தவர்களையெல்லாம் கரித்துக்கொட்டினேன். மூன்றாம் நாள் மேல் மாடிக்குப் போனேன். தம்பி மனைவி மடக்குக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அண்ணி, நீங்க கையெழுத்துப் போட வேணாம். அவர்கிட்ட நான் சொல்லிட்டேன். ஒரு சோபா வாங்கிட்டு இங்கயே இருந்துக்கலாம்" என்றாள்.

அன்று வெள்ளிக்கிழமை. மறந்துபோய்த் தமிழில் சொல்கிறாள். அவளும் விட்டுவிட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து வருஷம் பிரிக்காத மிக்ஸி பெட்டி மூலையில் இருந்தது. கீழே இறங்கி வந்து பாத்துக்கலாமுக்குப் போன் செய்தேன். "எங்க வரணும்?" என்று மட்டும் கேட்டேன். என் தம்பி போய்ச் சேரட்டும், நான் தத்தோ சொத்தோ, யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னேனே தவிர, மனசு ஆறவில்லை.

உறுதிமொழியில் முத்திரை போடும் வக்கீலின் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. வக்கீல் பெருத்த சரீரம், சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றன. தம்பி ஒரு மூலையில் தலை குனிந்து நின்றான். வேண்டாம் வேண்டாம் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தவன்.

"நீங்க இவரோட கூடப் பிறந்தவங்க இல்ல. கைக்குழந்தையா எடுத்து வளத்தாங்க. அப்படித்தானே?" என்று வக்கீல் கேட்டார்.

"ஆமா" என்றேன்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. அப்பா. மூன்று மாடி ஏறி வந்ததில் மேல்மூச்சு கீழ்மூச்சு. பின்னால் தம்பி மனைவி. மனசு கேட்காமல் அவள்தான் அவரிடம் சொல்லிவிட்டாள்.

"எவன்யா அது, எம்பொண்ண எடுத்து வளத்தேன்னு எழுதறவன்?" என்றார் அப்பா. வக்கீலின் கையிலிருந்து பேனாவையே பிடுங்கிவிட்டார். "பொய் சொன்னது நான். ஸ்கூல்ல நாந்தான் பொய்த் தேதி குடுத்தேன். தப்பு என்னுது. அத எழுது."

அப்பா வாயிலிருந்து தப்பு என்ற வார்த்தை வந்ததே அன்றுதான். தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

"எதுக்குப் பெரியவரே பொய் சொன்னீங்க? காரணம் எழுதணும்" என்றார் வக்கீல்.

அப்பா என்னைப் பார்த்தார்.

"இவளுக்காகத்தான்."

"எனக்காகவா?" என்றேன்.

"உன்னக் கொண்டுபோய் ஸ்கூல்ல விட்டா, வாசக் கதவப் புடிச்சுக்கிட்டு விடமாட்ட. தம்பி வேணும், தம்பி வேணும்னு ஒரே அழுகை. ஒரு நாள்னா பரவால்ல, தினமும் இதே கூத்து. அங்க பஸ்ஸு நிறைய ஆளு உக்காந்துக்கிட்டு டிரைவரக் காணோம்னு கத்தறான். ஹெட்மாஸ்டர் பாத்தாரு, சின்னவனையும் கொண்டாந்து பக்கத்துல உக்கார வைங்கன்னுட்டாரு. வச்சோம். நீ அவன் சட்டையப் புடிச்ச, வாய மூடின, அத்தோட சரி, அப்புறம் ஒருநாளும் அழல. பேரு எழுதாம உக்கார விட முடியாதுன்னாரு. அதான் எழுதினோம். கை எட்டுச்சுன்னு ஒரு பேருக்கு வச்சுக்கிட்டோம்."

"அவன்தானப்பா அழுமூஞ்சி? நான்தான..."

"இவனா? இவன் கல்லு மாதிரி உக்காந்திருந்தான். அவ அழுதத சொல்லிக் காட்டாதீங்க, கூனிக்குறுகிப் போயிடுவா பாவம்னு உங்கம்மா என் வாயக் கட்டிட்டா. அதான் தொல்லை, கை நீளம்னு வாய்க்கு வந்தத சொல்லிக்கிட்டிருந்தேன்."

ஊரெல்லாம் முப்பத்தஞ்சு வருஷமாக என்ன கதை சொல்லிக்கொண்டிருந்தேன்! அந்தப் பதினோரு மாசம் அவன் எனக்குக் கொடுத்தது. நான் அழாமல் இருக்கக் கொடுத்தது.

வக்கீலுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "நாலு வயசுகூட ஆகாத பையன் கை எப்படிங்க காதத் தொடும்?"

"டேய், தொட்டுக் காட்டுடா" என்றார் அப்பா.

நாற்பது வயசு ஆசாமி, வக்கீல் ஆபீஸ் நடுவில் நின்று வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டான். தொட்டதோடு நிற்கவில்லை, விரல் தாடை வரைக்கும் போனது.

"இந்த வயசுல யாருக்கும்தான் எட்டும்" என்று சொல்லிக்கொண்டே வக்கீல் தன் கையைத் தூக்கி வளைத்தார். தோள் சதை இடித்தது. கை உச்சந்தலையோடு நின்றுவிட்டது. இன்னொரு தரம் எக்கினார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து மேஜைக்கடியில் ஓடியது.

"உங்களுக்கு இன்னும் ஸ்கூல் வயசு வரல" என்றார் அப்பா.

வக்கீல் வேறு எதுவும் கேட்காமல் உண்மையையே எழுதி முத்திரை போட்டார். எங்கள் வீட்டில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். பாத்துக்கலாம் அதைப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக "பாத்துக்கலாம்" என்று சொல்லவில்லை. "கஷ்டம் சார்" என்றார். அனுப்பிவிட்டோம்.

பிறகு ஒரு பதிலும் இல்லை. மாசம் போனது, மழை வந்தது, போனது. தம்பி கம்ப்யூட்டரில் பார்க்கும்போதெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்றே இருந்தது. காகிதத்தில் அவனுக்கு நாற்பது வந்தது. பிறகு நிஜ நாற்பதும் வந்தது, கேக் வெட்டினோம். இனி இது ஆகிற காரியமில்லை என்று தம்பி மனைவி ஒருநாள் யாரையும் கேட்காமல் போய் ஒரு சோபா வாங்கிவிட்டாள். எங்கே? அவன் பிறந்த ஆஸ்பத்திரியில்தான். மூன்று பேர் உட்காருகிற பெரிய சோபா. படியில் திருப்ப முடியாமல் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. சோபாவுக்கு மேல் பக்கம் அவள், கீழ்ப் பக்கம் நானும் தம்பியும். தள்ளு, தூக்கு, சாய் என்று கத்திக்கொண்டிருக்கும்போது அவன் சட்டைப் பையில் போன் டிங்கென்றது.

எடுத்துப் பார்த்தான். அப்படியே சோபாவில், படி நடுவில், செங்குத்தாக நின்ற சோபாவில் சாய்ந்துகொண்டான்.

"என்னங்க?" என்று மேலிருந்து அவள் கத்தினாள்.

"விசா குடுத்துட்டாங்க" என்றான்.

விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று ஒரே ஒரு வரி. அப்பாவின் பொய்யையும் என் அழுகையையும் அந்த நாட்டில் யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்து, சரி என்று சொல்லியிருக்கிறார். சோபா எப்படியும் மேலே போகாது, அதைக் கீழ் வீட்டுக்கே இழுத்துவிட்டோம். அப்பா அன்றே அதில் ஏறிப் படுத்துவிட்டார். தம்பி மனைவி ஊருக்குக் கிளம்பும் வரைக்கும் தினமும் இறங்கி வந்து அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

கிளம்பும் நாள் விமான நிலையத்துக்கு நான்தான் ஓட்டினேன். அப்பா பின்னாலிருந்து "சிக்னல் பாரு, சிக்னல் பாரு" என்று உயிரை வாங்கினார். வாசலில் பெட்டியெல்லாம் இறக்கினோம். தம்பி மனைவி என்னைக் கட்டிக்கொண்டு, அப்பா காலைத் தொட்டுவிட்டு, முன்னால் போனாள். மிக்ஸி பெட்டியைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு போனாள். தம்பி என் பக்கத்தில் நின்றான். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, பல்லைக் கவனி, அங்கே போய் எவள் பல்லையாவது பார்த்து ஏதாவது சொல்லித் தொலைக்காதே என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவனும் தலையாட்டிக்கொண்டே இருந்தான். ஆனால் நகரவில்லை.

"போடா, நேரமாச்சு" என்றேன்.

"விட்டாத்தானக்கா போவேன்" என்றான்.

குனிந்து பார்த்தேன். என் கை அவன் சட்டையைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அம்மா, டிக்கெட் இருக்கறவங்க மட்டும்தான் உள்ள. வழியை விடுங்க" என்றார் வாசலில் நின்ற காவலர்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி" என்றார் அப்பா அவரிடம். "மொத நாள் இப்படித்தான் இருக்கும். பழகிடுவா."

பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார். பஸ் ஓட்டிக் காய்த்துப்போன கையால் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"இந்தத் தடவ உன் பக்கத்துல உக்கார வைக்க எங்கிட்ட வேற புள்ள இல்லம்மா" என்றார்.

நான் சட்டையை விட்டேன்.